தட்டிலே ஒரு பாட்டு, மேடையிலே ஒரு பாட்டு

மாணவ நண்பர்களே! வரலாறு என்றவுடன் அரசர் பிறந்த ஆண்டும் போர் நடந்த களமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஒரு பாட்டுக்கும் வரலாறு உண்டு. அதை இயற்றியவர், பாடியவர், பதிவு செய்தவர், கேட்டு மகிழ்ந்தவர் ஆகிய அனைவருக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு. கேட்டுத் தவறான தீர்ப்பு வழங்கியவருக்கும் இடம் உண்டு. அந்தக் கடைசி வரிசையில் நிற்பவன் நான். இளமையில் ஒரு பாட்டை அளவுக்கு மீறிப் போற்றினேன்; அந்தப் பாட்டின் பெயராலேயே ஒரு நல்ல கலைஞரை ஊரார் நடுவில் சிறுமைப்படுத்தினேன். அன்று நான் வழங்கிய தீர்ப்பை இன்று மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பாட்டு, ‘காயாத கானகத்தே’ என்பது. தமிழ் நாடக உலகம் தன் தலைமை ஆசிரியராகப் போற்றும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அது வருகிறது. தினைப்புனத்தில் பரண்மேல் ஏறி நின்று வள்ளி கிளி கடிகிறாள். வேடன் உருவில் முருகன் வருகிறான். ஒரு மானைத் தேடி வந்ததாகச் சொல்லி, அதன் அடையாளங்களைப் பாட்டாகக் கூறுகிறான். அந்த மான் புல்லைத் தின்பதில்லை. அதன் உடம்பில் புள்ளியும் இல்லை. அடையாளங்கள் வளர வளர, தேடப்படும் மான் பரண்மேல் நிற்கும் பெண்ணே என்பது கேட்போருக்கு விளங்கிவிடுகிறது. வள்ளிக்கும் விளங்குகிறது, ஆனால் விளங்காதவளைப் போல நிற்கிறாள். நாடகத்தின் சுவை முழுவதும் அந்த நிற்றலில்தான் இருக்கிறது.

இப்பாட்டை நான் முதன்முதலில் கேட்டது அரியலூரில். அக்காலத்தில் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இரு வட்டங்கள். பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-ல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. என் இளமையில் இவை இரண்டும் வானம் பார்த்த நிலங்கள். சோளமும் கம்பும் வரகும் விளையும் கொல்லைகள். ஊருக்கு ஊர் ஒரு மாரியம்மன் அல்லது ஐயனார். பங்குனி, சித்திரையில் திருவிழா. திருவிழா என்றால் விடிய விடிய நாடகம்.

அரியலூர் இரயில் நிலையத்துக்கு அருகில் என் பெரியப்பா குடியிருந்தார். அவர் வீட்டில் சாவி முடுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. தட்டுக்கு ஒரு முறை ஊசி மாற்றவேண்டும். அந்த ஊசிகளை எடுத்துக் கொடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. விடுமுறை நாட்களில் எஸ். ஜி. கிட்டப்பாவின் ‘காயாத கானகத்தே’ தட்டை ஒரு நாளில் ஐந்து முறையாவது கேட்காமல் நான் உறங்கியதில்லை. எந்த இடத்தில் குரல் மேலேறும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் தட்டின் கீறலால் ஊசி ஒரு துள்ளுத் துள்ளும் என்பவை யாவும் எனக்கு மனப்பாடம். கீறலையும் பாட்டின் ஒரு பகுதியாகவே நினைத்திருந்தேன் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

கிட்டப்பா யார் என்பதை இன்றைய மாணவருக்குச் சொல்லவேண்டும். அவர் செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே மேடையேறியவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் தெளிவாக எட்டும்படி உச்சக் குரலில் பாடியவர். நாடகக்காரர் சுருதியைக் ‘கட்டை’ என்று கணக்கிடுவர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணி, ஆதார சட்சமம் எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதைச் சுருதியின் பெயராகச் சொல்வர். ஆண்கள் பலர் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாட, கிட்டப்பா ஐந்து கட்டைக்குக் குறையாமல் பாடினார் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. 1926-ல் இலங்கையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் அவரும் ஒரே மேடையில் நடித்தனர். அடுத்த ஆண்டு மணம் புரிந்துகொண்டனர். அவர் வேலனாகவும் அம்மையார் வள்ளியாகவும் நின்ற நாடகங்களைத் தமிழகம் திரண்டு சென்று பார்த்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27.

ஆகவே, அவர் மறைந்த பிறகு பிறந்த என் போன்றோருக்குக் கிட்டப்பா என்றால் இசைத்தட்டு. இசைத்தட்டு என்றால் கிட்டப்பா. இதற்கு வேறொரு கிட்டப்பா இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

பெரியப்பா இளமையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் நடித்த நாடகம் ஒன்றை நேரில் பார்த்தவர். நான் ஆவலோடு கேட்பேன்: “அன்றைக்கும் இதே சங்கதிகளைத்தான் பாடினாரா, பெரியப்பா?” அவர் சற்று யோசித்துவிட்டு, “சங்கதியெல்லாம் நினைவில் இல்லை, தம்பி. அந்த அம்மா சொன்ன மறுமொழிக்குக் கொட்டகை முழுவதும் சிரித்தது நினைவிருக்கிறது” என்பார். எனக்கு ஏமாற்றமாக இருக்கும். எவ்வளவு பெரிய பாடகரை நேரில் கேட்டுவிட்டு, யாரோ சிரித்ததை நினைவில் வைத்திருக்கிறாரே என்று மனத்துக்குள் அவரை இகழ்ந்தேன். என் முதல் தவறு அதுவே.

இரண்டாவது தவறு 1963-ஆம் ஆண்டு சித்திரையில் நிகழ்ந்தது. அப்போது நான் திருச்சியில் கல்லூரி மாணவன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே, மருதையாற்றை அடுத்த ஒரு சிற்றூரில் திருவிழா. ‘வள்ளி திருமணம்’ நாடகம் என்று நோட்டீசு ஒட்டியிருந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நடிகர்கள் வந்திருந்தனர். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் இம்முறையில் குழு என்று ஒன்று நிலையாக இருப்பதில்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். தனித்தனியே முன்பணம் பெற்று, அன்று மாலை வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும். இடையிலே நிகழும் சொற்போரை மேடையிலேயே பிறப்பித்துக்கொள்வார்கள்.

மாலை முழுவதும் ஒலிபெருக்கிக்காரர் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப்பாவின் தட்டும் ஒலித்தது. 1945-ல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடிய அதே பாட்டும் ஒலித்தது. புளியமரத்தடியில் அமர்ந்து, நானும் என் நண்பர்களும் இரண்டையும் ஒப்பிட்டுப் பெரிய மேதைகளைப் போல வாதாடிக்கொண்டிருந்தோம். இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்தார். நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் செய்தார். இரண்டு மணிக்குமேல் வேலன் வந்தார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். தொடர்ந்து பல இரவுகள் பாடியதால் தொண்டை கட்டியிருந்தது. ‘காயாத கானகத்தே’ என்று எடுத்தார். தட்டில் நான் கேட்டிருந்த வேகம் இல்லை. முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினார். வள்ளியின் முகத்தைப் பார்த்தார். அதே அடியை வேறு விதமாகப் பாடினார். ஆர்மோனியக்காரர் ஏதோ வாசிக்க, அதற்குத் தலையசைத்துவிட்டு மூன்றாம் முறை பாடினார். கால் மணி நேரம் ஆகியும் மானின் அடையாளங்கள் முடியவில்லை. எனக்குப் பொறுமை போயிற்று. என் நண்பர்கள் தூண்ட, எழுந்து நின்று உரக்கக் கூவினேன்: “தட்டில் உள்ளதுபோல் பாடும் ஐயா!” நண்பர்கள் கைதட்டினார்கள். சிலர் சிரித்தார்கள்.

பாட்டு நின்றது. அந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அவர் என்ன செய்வது என்று திகைத்த அந்த நொடியில், பரண்மேல் நின்ற வள்ளி பேசினாள்: “வேடரே! தட்டில் பாடுகிறவர் மானைக் கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நில்லாமல் போய்விட்டாராம். நீரும் அவரைப் போலப் போகிறவரா, பதில் கேட்டுப் போகிறவரா?”

மிருதங்கம் ஒரு முத்தாய்ப்பு வைத்தது. ஊரே சிரித்தது. வேலன், “பதில் கேட்டே போவேன்” என்ற சொற்களை அதே பாட்டின் மெட்டில் அமைத்துப் பாடினார். கட்டியிருந்த தொண்டை எங்கே போயிற்றோ, குரல் எழுந்தது. அவள், “உம் மான் மருதையாற்றைத் தாண்டிற்றா, இந்தக் கரையிலேயே நின்றுவிட்டதா?” என்று கேட்டாள். “ஆற்றில் தண்ணீர் இல்லை, தாண்டுவது எளிது. நின்றது ஏன் என்று மானைத்தான் கேட்கவேண்டும்” என்றார் அவர். கோடையில் வறண்டு கிடக்கும் மருதையாற்றை அறிந்த மக்கள் ஆரவாரித்தனர். முக்கால் மணி நேரம் இப்படி நடந்தது. நான் அவமானத்தால் எழுந்து வந்துவிட்டேன். வேலன் வேங்கை மரமானதையும், கிழவனாக வந்ததையும், யானை வந்து வள்ளியை அச்சுறுத்தியதையும், விடியும் வேளையில் நடந்த திருமணத்தையும் நான் பார்க்கவில்லை. ‘நாட்டுப்புற மேடைக்கு நல்ல பாட்டுத் தெரியாது’ என்பதே அன்று நான் எழுதிய தீர்ப்பு.

அத்தீர்ப்பு ஏறத்தாழ இருபது ஆண்டு நிலைத்தது. அதைத் தகர்த்தவர் ஓர் இசைவாணர் அல்லர், ஒரு மாணவி. அப்போது நான் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்தேன். பாடம், மாணிக்கவாசகரின் திருக்கோவையார். அதில் தலைவன், தலைவியும் தோழியும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு வந்து, தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் வேறு எதையோ வினவுவான். யானை இவ்வழியே வந்ததா என்பது ‘வேழம் வினாதல்’. கலைமான் வந்ததா என்பது ‘கலைமான் வினாதல்’. பிறகு வழி வினாவுவான், ஊர் வினாவுவான், பெயர் வினாவுவான். நான் விளக்கிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி எழுந்து, “அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், ஐயா?” என்று கேட்டாள்.

அடுத்து வரும் துறையின் தலைப்பைப் படித்துக் காட்டினேன். ‘மொழிபெறாது கூறல்’ என்பது அது. மறுமொழி கிடைக்கப்பெறாத தலைவன் பேசுவது என்று பொருள். படித்த மாத்திரத்தில் என் குரல் தடைப்பட்டது. பரண்மேல் நின்ற அந்த நடிகையின் சொற்கள் அப்போதுதான் என் காதில் விழுந்தன. கோவை நூலில் மானை வினவுகிற தலைவனும் சுவாமிகளின் வேலனும் ஒரே மரபில் வந்தவர்கள். மான் ஒரு சாக்கு, வேண்டுவது விடை. அப்படியானால், ‘காயாத கானகத்தே’ என்பது தனித்து நிற்கும் ஒரு கீர்த்தனை போன்றதன்று. அது ஓர் உரையாடலின் முதற்பாதி. வினாவை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, அதையே முழுப் பாட்டு என்று நம்பி வளர்ந்தவன் நான். விடைக்காகக் காத்து நின்ற ஒரு மனிதரைப் பார்த்து, காத்து நிற்காதே என்று கூவியவனும் நானே.

அன்று மாலை வீட்டுக்குச் சென்று, பெரியப்பாவிடமிருந்து என்னிடம் வந்திருந்த அந்தத் தட்டை மறுபடியும் போட்டுக் கேட்டேன். இம்முறை ரசிகனாகக் கேட்கவில்லை. வரலாற்று மாணவனாகக் கேட்டேன். எந்தச் சான்றையும் ஆராய்வதற்கு முன், அந்தச் சான்றைத் தாங்கிய பொருளின் இயல்பை அறியவேண்டும். செப்பேட்டில் எழுதுகிறவன் செப்பின் அளவுக்குள் எழுதவேண்டும். இசைத்தட்டில் பாடுகிறவனும் தட்டின் அளவுக்குள் பாடவேண்டும்.

அந்த அளவு யாது? 10 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ 3 நிமிடம். நம் நாட்டில் இத்தொழில் தொடங்கிய கதை சுவையானது. 1902-ல் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டுகளைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்தவுடன் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவுகள் கப்பலில் ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டுகளாக அச்சாகும். பாடியவர் யார் என்று அங்குள்ள தொழிலாளருக்குத் தெரியவேண்டும் அல்லவா? 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை அமைந்தது. 1925-க்கு முன்னெல்லாம் பாடகர் ஒரு பெரிய குழலின் வாய்க்கு நேரே நின்று பாடுவார். ஒலியின் அதிர்வே மெழுகில் கோடு கிழிக்கும். அதன்பின் மின்சார ஒலிவாங்கி வந்தது. ஆயினும் மூன்று நிமிட எல்லை மாறவில்லை. மெழுகில் பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. அந்த மெழுகைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து பாடவேண்டும்.

இப்பொழுது கிட்டப்பாவை அந்த அறையில் நிறுத்திப் பாருங்கள். ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்துப் பாடிப் பழகியவர் முன் ஒரு கருவி நிற்கிறது. ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவ ஆள் இல்லை. எதிரே பரண் இல்லை. மூன்று நிமிடத்துக்குள் எடுப்பும் தொடுப்பும் முடிப்பும் நிகழவேண்டும். வள்ளி மறுமொழி சொல்லவேண்டிய இடத்தில் ஊசி தட்டின் நடுவை அடைந்து கரகரக்கிறது. தட்டிலே நான் வியந்த அந்த விரைவு, பாட்டின் இயல்பா, கருவியின் கட்டாயமா? இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான விடை. மேடையில் அவர் அப்படித்தான் பாடினார் என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை. சான்று ஒன்று இருந்தது. என் பெரியப்பா அதைப் பலமுறை சொன்னார். ‘கொட்டகை சிரித்தது’ என்று அவர் சொன்னது, மேடையில் இப்பாட்டுக்கு விடை இருந்தது என்பதற்கு நேரில் கண்டவர் வாக்குமூலம். நான்தான் அதைச் சான்றாக மதிக்கவில்லை.

திரைப்படத்துக்கு மூன்று நிமிடக் கட்டாயம் இல்லை. வள்ளியும் எதிரே இருந்தாள். ஆயினும் அங்கே வேறொன்று நடந்தது. ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. முதலில் அவரே பாடினார். படம் முடிந்த பிறகு, அவர் பாட்டுக் குரலை நீக்கிவிட்டு, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். தமிழ்ப் படவுலகில் பின்னணிப் பாட்டு வளர்ந்த வரலாற்றில் இது ஒரு முக்கிய நிகழ்ச்சி. தொழில்நுட்பத் திறமையாக இதை நாம் பாராட்டலாம். ஆனால், வேலன் பாடி முடித்த பின்னர் வள்ளியின் குரலையே மாற்றிவிட முடிகிறது என்றால், இருவரும் ஒருவரையொருவர் கேட்டுப் பாடினார்கள் என்று சொல்ல இயலுமா? மேடையில் இது நடக்காது. அங்கே ஒருவர் சொல் மற்றவர் சொல்லைப் பிறப்பிக்கிறது. மருதையாற்றங்கரையில் அன்று பிறந்த சொல் வேறு கரையில் பிறந்திருக்க முடியாது. தட்டோ கொழும்பிலும் அரியலூரிலும் ஒன்றையே சொல்லும்.

இப்படியெல்லாம் கண்டபிறகு, இசைத்தட்டை வெறுத்து மேடையைப் போற்றும் மறு எல்லைக்கு நான் ஓடியதுண்டு. சில ஆண்டு ஊர் ஊராக நாடகம் பார்த்தேன். அங்கும் உண்மை என்னைத் திருத்தியது. சில இரவுகளில் சொற்போர் வெறும் வசைப்போராக இறங்கிவிடும். சுருதி சேராமல் விடியும் வரை கத்திய வேலர்களையும் கேட்டேன். விடை சொல்லத் தெரியாத வள்ளிகளும் உண்டு. மேடை என்பதாலேயே ஒரு பாட்டு உயர்ந்துவிடுவதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். பல நடிகர்கள் தட்டில் உள்ள சங்கதிகளை அப்படியே பாடினார்கள். என்னைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் எழுந்து நின்று கூவியிருப்போம், அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தட்டு மேடையின் நிழலாகத் தொடங்கியது. பிறகு மேடை தட்டின் நிழலாயிற்று. இது கருவி செய்த குற்றம் அன்று. கேட்டவர்கள் செய்த குற்றம்.

எனில், தட்டின் மதிப்பு யாது? நம் ஊர்ப் பொருளையே உவமையாகச் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்ற ஊரில் ஓடைக் கரையில் ஒரு கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு எடுத்துரைத்தார். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கடற்சிப்பிகளின் அச்சுகள் அகப்படுகின்றன. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று அவை சொல்கின்றன. கல்மரத்தில் இலை அசைவதில்லை. சிப்பியில் அலை ஓசை இல்லை. அதனால் அவற்றைப் பொய் என்று தள்ளுவோமா? அவை இல்லையேல் அந்த மரத்தையும் அந்தக் கடலையும் நாம் அறியவே மாட்டோம்.

பழைய இசைத்தட்டும் அரக்கோடு கல்மாவைக் கலந்து செய்ததுதான். அதுவும் ஒரு கல்மரம். 27 வயதில் மறைந்த ஒரு மனிதரின் குரலை அது காத்து வைத்திருக்கிறது. அக்காலத்து நாடக மேடையில் பாட்டைப் பதிவு செய்யும் கருவி இல்லை. அங்கே அவர் பாடியது கேட்டவர் நினைவோடு போயிற்று. கிட்டப்பாவுக்குப் பின் சுந்தராம்பாள் அம்மையார் வெள்ளாடை உடுத்து, 47 ஆண்டு வாழ்ந்து, 1980-ல் மறைந்தார். ‘ஔவையார்’ (1953), ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களில் அவர் குரலைக் கேட்டவர்கள் பலர். அந்த வேலனின் வினாத்தட்டு அவர் காதில் விழுந்தபோதெல்லாம் என்ன உணர்ந்தாரோ, அதை நாம் அளவிட முடியாது. ‘மொழிபெறாது கூறல்’ என்ற துறை நம் இலக்கியத்தில் இருப்பது வீண் அன்று. விடை பெறாத குரலுக்கும் ஓர் அழகும் ஒரு துயரமும் உண்டு. இன்று நான் அந்தத் தட்டை அப்படித்தான் கேட்கிறேன்.

ஆகவே, என் திருத்திய தீர்ப்பு இது. கிட்டப்பாவின் குரலை அறியவேண்டுமானால் தட்டைக் கேளுங்கள். சுவாமிகளின் பாட்டை அறியவேண்டுமானால் மேடைக்குச் செல்லுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்காதீர்கள். வரலாற்றில் எந்தச் சான்றைக் கையில் எடுத்தாலும், ‘இது எதைச் சொல்கிறது?’ என்பதோடு, ‘இதில் எதற்கு இடம் இல்லாமற்போயிற்று?’ என்றும் கேளுங்கள். கல்வெட்டில் கொடையாளர் பேசுவார், உழுதவர் பேசமாட்டார். தட்டில் வேலன் பேசுவார், வள்ளி பேசமாட்டாள்.

சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் அந்தச் சிற்றூர்த் திருவிழாவுக்குச் சென்றேன். சோளக் கொல்லைகள் இருந்த இடத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் நின்றன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சாலையில் போய்க்கொண்டிருந்தன. நாடகம் நடந்தது. எனக்கு அருகில் அமர்ந்திருந்த ஒரு சிறுவன் வேலன் பாடத் தொடங்கியதும் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தான். பாட்டு முடிந்தது, வள்ளி வாய் திறக்கும் வேளையில் கைபேசியை இறக்கப் போனான். “இன்னும் கொஞ்ச நேரம் பிடி, தம்பி, இனிமேல்தான் இருக்கிறது” என்றேன். அவன் என்னை வியப்போடு பார்த்துவிட்டுக் கையை மறுபடி உயர்த்தினான்.

1963-ல் என் கூவலுக்குக் களைத்த முகத்தோடு திரும்பிப் பார்த்த அந்த ராஜபார்ட் நடிகரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பல ஆண்டு நினைத்ததுண்டு. அவர் பெயரும், அவ்வளவு கூர்மையாக எனக்கு விடை சொன்ன அந்த அம்மையார் பெயரும் அன்றைய நோட்டீசில் அச்சாகியிருந்தன. அதை மடித்து விசிறியாக வீசிவிட்டு, அங்கேயே எறிந்துவிட்டு வந்தேன். கிட்டப்பாவின் தட்டை இன்றுவரை பட்டுத் துணியில் சுற்றிப் பாதுகாத்து வருகிறேன். மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீசை எறிந்துவிடாதீர்கள்.